கழற்றி மாட்டும் துப்பாக்கி: ஒரு பழைய ஆசையின் கதை

2010 ஜூன் மாதம் அமெரிக்காவின் சிறப்புப் படைகளுக்கான தலைமையகமான சோகாம் ஒரு முடிவை அறிவித்தது. தாங்களே கேட்டு, தாங்களே சோதித்து, தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு துப்பாக்கியை இனி வாங்கப் போவதில்லை என்று. துப்பாக்கியின் பெயர் ஸ்கார்-எல், ராணுவப் பெயர் எம்கே-16. செய்தவர்கள் பெல்ஜியத்தின் எஃப்என் ஹெர்ஸ்டால். அதுவரை சுமார் 850 எம்கே-16கள் கைக்கு வந்திருந்தன. சொன்ன காரணம் ரொம்பச் சுருக்கம். பணம் அளவோடுதான் இருக்கிறது, ஏற்கெனவே இருக்கும் 5.56 மி.மீ. துப்பாக்கிகளை விட இது செலவுக்குத் தகுந்த அளவு மேலாக இல்லை. அவ்வளவுதான்.

இதில் விநோதம் என்னவென்றால், மூன்று வருடம் முன்புதான் அமெரிக்க ராணுவம் நான்கு துப்பாக்கிகளைத் தூசிக்குள் போட்டுச் சுட்டுப் பார்த்திருந்தது. ஒவ்வொரு வகையிலும் 10 துப்பாக்கி, ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டா, ஆக வகைக்கு 60,000. அதில் எம்-4 882 தடவை திக்கி நின்றது. ஸ்கார் 226 தடவை. கணக்குப் போட்டால் எம்-4 சராசரியாக 68 தோட்டாவுக்கு ஒருமுறை, ஸ்கார் 265 தோட்டாவுக்கு ஒருமுறை. ஆனாலும் கடைசியில் களத்தில் நின்றது எம்-4 தான். 1950களின் கடைசியில் வரைந்த ஒரு வடிவத்தின் பேரப்பிள்ளை அது.

புதுசு ஏன் தோற்றது, பழசு ஏன் ஜெயித்தது? இதற்கு 'லஞ்சம், அரசியல்' என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். நிறைய பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் 'மாடுலர் துப்பாக்கி' என்ற யோசனையின் வரலாற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் வேறொரு பதில் கிடைக்கிறது. அதை எழுதி வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

மாற்றக்கூடியது வேறு, மாடுலர் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 1785-ல் பாரிஸில் தாமஸ் ஜெஃபர்சன் அமெரிக்கத் தூதராக இருந்தார். ஆனரே பிளாங்க் என்ற கைவினைஞர் அவருக்கு ஒரு வேடிக்கை காட்டினார். ஐம்பது துப்பாக்கிகளின் சுடும் பொறியைப் பாகம் பாகமாகப் பிரித்து, தனித்தனி அறைகளில் போட்டு வைத்திருந்தார். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டிப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. அன்றைக்கு இது மாயாஜாலம் மாதிரி. ஏனென்றால் அதுவரை ஒவ்வொரு துப்பாக்கியும் அரம் போட்டுத் தேய்த்து, தனக்கான பாகத்தோடு மட்டும் பொருந்தும்படி செய்யப்பட்டது. ஒரு ஸ்பிரிங் உடைந்தால் கொல்லரிடம் போக வேண்டும்.

பிளாங்க் செய்தது ஒரே மாதிரியான பாகங்கள். உடைந்ததை எடுத்துவிட்டு அதே மாதிரி இன்னொன்றைப் போடுவது. துப்பாக்கி முன்பு எப்படி இருந்ததோ அப்படியே மறுபடி இருக்கும்.

மாடுலர் என்பது அதற்கு அடுத்த படி. ஒரு பாகத்தை எடுத்துவிட்டு *வேறு மாதிரி* ஒன்றைப் போட்டால் துப்பாக்கியே வேறொன்றாக மாற வேண்டும். காலையில் குட்டைத் துப்பாக்கி, மதியம் நீளத் துப்பாக்கி, ராத்திரி இயந்திரத் துப்பாக்கி. மாடுலர் கிச்சன் வந்தபிறகு இந்த வார்த்தைக்கு நம் ஊரில் விளக்கம் தேவையில்லை. ஆனால் அதைவிட நல்ல உதாரணம் அந்தக் கிச்சனுக்குள்ளேயே இருக்கிறது: மிக்ஸி. கீழே ஒரு மோட்டார், மேலே மூன்று ஜார். இந்த மிக்ஸியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ராணுவங்களுக்கு இந்த ஆசை ஏன் வந்தது என்பது எளிது. ஒரு படைப்பிரிவில் சாதாரண ரைஃபிள், வண்டி ஓட்டுபவருக்குக் குட்டை ரைஃபிள், இயந்திரத் துப்பாக்கி, தொலைதூரம் சுடுபவருக்கு ஒன்று என்று நாலைந்து வகை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி உதிரிபாகம், தனிப் பயிற்சி, தனிக் கணக்கு. எல்லாம் ஒரே குடும்பமாக இருந்தால் எவ்வளவு மிச்சம்!

ஸ்டோனர் வேண்டுமென்றே செய்தது

இந்த ஆசையை முழுமையாக இரும்பில் வடித்தவர் யூஜின் ஸ்டோனர். எம்-16ஆக மாறிய ஏஆர்-15இன் மூல வடிவமைப்பாளரும் இவரே. இந்தக் கதையில் திட்டமிட்ட மாடுலர் துப்பாக்கியும் திட்டமிடாத மாடுலர் துப்பாக்கியும் ஒரே ஆளின் மேஜையிலிருந்து வந்தவை. அதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

1959-ல் ஆர்மலைட் நிறுவனம் ஏஆர்-15இன் உரிமையை கோல்ட் நிறுவனத்துக்கு விற்றது. 1960களின் தொடக்கத்தில் ஸ்டோனர் ஆர்மலைட்டை விட்டு விலகி, கவச வண்டிகள் செய்துகொண்டிருந்த கேடிலாக் கேஜ் நிறுவனத்துக்குப் போனார். ஏஆர்-15ஐச் செதுக்கிய ராபர்ட் ஃப்ரீமான்ட், ஜிம் சலிவன் இருவரும் அங்கே அவரோடு வேலை செய்தார்கள். அங்கே பிறந்ததுதான் ஸ்டோனர் 63.

அதன் யோசனை இன்று பார்த்தாலும் அசத்தல். நடுவில் தகட்டு எஃகில் அடித்த ஒரு ரிசீவர், அதாவது துப்பாக்கியின் உடல். அதில் பேரல், பின்கட்டை, தோட்டா ஊட்டும் பகுதி எல்லாம் தனித்தனியாக மாட்டலாம். ரைஃபிளாக வேண்டுமா? எரிவாயுக் குழாய் மேலே இருக்கும்படி வைத்து, கீழே மேகசின் மாட்டுங்கள். இயந்திரத் துப்பாக்கி வேண்டுமா? அதே ரிசீவரைத் தலைகீழாகத் திருப்பி, பெல்ட் ஊட்டும் பகுதியை மாட்டுங்கள். மேலிருந்து மேகசின் செருகும் வகை, முக்காலியில் நிற்கும் வகை, வண்டியில் பொருத்தும் வகை என்று பட்டியல் நீண்டது.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த சமயம். 1967-ல் ஒரு மரீன் கம்பெனிக்கு முழுக்க ஸ்டோனர் 63 கொடுத்துக் களத்தில் பார்த்தார்கள். கடற்படையின் சீல் வீரர்களும் எடுத்துக்கொண்டார்கள். முடிவு இரண்டு விதமாக வந்தது.

சீல் வீரர்களுக்கு இது ரொம்பப் பிடித்தது. ஆனால் மாடுலர் என்பதற்காக இல்லை. பெல்ட் ஊட்டும் வடிவத்தில் இது அன்றைய எம்-60 இயந்திரத் துப்பாக்கியின் எடையில் பாதிதான். எம்-60 பத்தரைக் கிலோ. சேற்றிலும் ஆற்றிலும் சின்னக் குழுவாகப் போகிறவர்களுக்கு ஐந்து கிலோ குறைவது பெரிய வரம். அவர்கள் அதை இயந்திரத் துப்பாக்கியாக வாங்கி, இயந்திரத் துப்பாக்கியாகவே வைத்துக்கொண்டார்கள். திருப்பிப் போட்டு ரைஃபிளாக்கும் வித்தை அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை.

பெரிய படைக்கோ இது சரிப்படவில்லை. பராமரிப்பு அதிகம், கவனம் அதிகம். இன்னொரு அடிப்படைச் சிக்கலும் இருந்தது. ஒரே ரிசீவர் இயந்திரத் துப்பாக்கியின் அடியையும் தாங்க வேண்டுமென்றால், அதைப் பலமாகத்தான் செய்ய வேண்டும். அப்போது ரைஃபிள் வடிவத்தில் தூக்குபவரும் அந்தப் பலத்தின் எடையைச் சேர்த்தே தூக்க வேண்டும். ஸ்டோனர் 63 ரைஃபிள் எம்-16ஐ விடக் கனம். எல்லாருக்கும் பொருந்தும்படி தைத்த சட்டை யாருக்கும் கச்சிதமாக இருக்காது. மாடுலர் துப்பாக்கிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான முதல் விதி இதுதான்: ஒரே உடல் பல வேலை செய்தால், மிகக் கடினமான வேலையின் சுமையை எல்லா வேலையும் சுமக்கும்.

சில ஆயிரம் துப்பாக்கிகளோடு ஸ்டோனர் 63இன் உற்பத்தி நின்றுபோனது.

ஸ்டோனர் நினைக்காமல் செய்தது

அதே வருடங்களில் ஸ்டோனரின் இன்னொரு பிள்ளை வியட்நாமில் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. எதிரியை மட்டும் இல்லை, தூக்கியவர்களையும்.

எம்-16 அவசர அவசரமாகக் களத்துக்குப் போனது. சோதனையின்போது பயன்படுத்திய வெடிமருந்து ஒன்று, பெருமளவில் தோட்டா செய்யும்போது போட்ட வெடிமருந்து வேறொன்று. புதியது அதிகக் கரி விட்டது, சுடும் வேகத்தையும் கூட்டியது. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சு இல்லை. அந்த ஈரத்தில் அது துருப்பிடித்து, சுட்ட கூடு உள்ளேயே ஒட்டிக்கொண்டது. இது போதாதென்று, 'இந்தத் துப்பாக்கிக்குச் சுத்தம் செய்யும் வேலையே அதிகம் இல்லை' என்று ஒரு பேச்சு. சுத்தம் செய்யும் சாமான்கள்கூடப் பல பேருக்குக் கிடைக்கவில்லை. சண்டை நடுவில் கூட்டை வெளியே தள்ளக் கம்பி தேடிய வீரர்களின் கடிதங்கள் வீட்டுக்கு வந்தன. அங்கிருந்து நாடாளுமன்றம் வரை போயின. 1967-ல் ரிச்சர்ட் இகார்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்து, ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். துப்பாக்கியைத் தூக்கிப் போடவில்லை. பாகம் பாகமாகத் திருத்தினார்கள். அறைக்குக் குரோம் பூசினார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பஃபரை மாற்றினார்கள். சுத்தம் செய்யும் கிட் கொடுத்தார்கள். காமிக்ஸ் உலகில் பெரிய பெயரான வில் ஐஸ்னரை வைத்துப் படக்கதை வடிவத்தில் ஒரு பராமரிப்புக் கையேடுகூடப் போட்டார்கள். சில வருடங்களில் அதே துப்பாக்கி நம்பக்கூடியதாக மாறியது. இறந்தவர்களுக்கு அது எந்த ஆறுதலும் இல்லை, அது வேறு விஷயம்.

இப்படித் திருத்த முடிந்ததற்கு ஏஆர்-15இன் உடல் அமைப்பும் ஒரு காரணம். அது இரண்டு பாதி. மேல் ரிசீவரில் பேரல், போல்ட், குறி பார்க்கும் சைட். கீழ் ரிசீவரில் விசை, கைப்பிடி, மேகசின் செருகும் இடம், பின்கட்டை. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவை இரண்டே ஆணிகள். ஒரு தோட்டா முனையால் தள்ளினால் நகரும். சுத்தம் செய்யச் சுலபமாக இருக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு இது.

இப்போது மிக்ஸிக்கு வருவோம். சட்னி ஜாரை எடுத்துவிட்டு ஜூஸ் ஜாரை வைக்கிறோம். பிளேடு எங்கே இருக்கிறது? ஜாருக்குள். ஜாரை மாற்றும்போது அதற்கேற்ற பிளேடும் சேர்ந்தே வந்துவிடுகிறது. ஒரே ஜாரை வைத்துக்கொண்டு, பிளேடை மட்டும் ஸ்பேனர் போட்டுக் கழற்றி மாற்றும் மிக்ஸி ஒன்றை நினைத்துப் பாருங்கள். அதுவும் மாடுலர்தான். ஆனால் யார் வாங்குவார்கள்?

ஏஆர்-15இல் மேல் பாதியை முழுசாக மாற்றினால் பேரலோடு சைட்டும் சேர்ந்தே வருகிறது. இது ஏன் பெரிய விஷயம்? துப்பாக்கியில் சைட் பார்க்கும் இடமும் தோட்டா போகும் இடமும் ஒன்றாக இருக்கும்படி சரி செய்ய வேண்டும். அதை ஜீரோ செய்வது என்பார்கள். அதற்கு ரேஞ்சுக்குப் போய்த் தோட்டா செலவழித்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். பேரலை மட்டும் மாற்றி, சைட் பழைய இடத்திலேயே இருந்தால் அந்த ஜீரோ போய்விடும். பேரலும் சைட்டும் சேர்ந்தே நகர்ந்தால், ஒருமுறை செய்த ஜீரோ அதோடு கூடவே இருக்கும். ஸ்டோனர் மாடுலர் ஆக்க வேண்டும் என்று நினைக்காமலேயே வெட்டுக்கோட்டைச் சரியான இடத்தில் போட்டுவிட்டார்.

பத்து மில்லிமீட்டர் பல்

1980களிலும் 90களின் தொடக்கத்திலும் துப்பாக்கியின் மேல் மாட்ட வேண்டிய சாமான்கள் பெருகின. சிவப்புப் புள்ளி சைட், லேசர், டார்ச், இரவில் பார்க்கும் கருவி. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு பிடிமானம் வைத்தது. டார்ச்சைக் குழாயில் டேப் போட்டுச் சுற்றிக்கொண்டவர்களும் உண்டு.

இதற்குத் தீர்வாக 1995 பிப்ரவரியில் ஒரு தர ஆவணம் வந்தது. நியூஜெர்சியில் இருக்கும் பிகாடினி ஆயுதசாலையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட மில்-எஸ்டிடி-1913. உள்ளடக்கம் என்று பார்த்தால் ஒரு ரெயிலின் குறுக்குவெட்டுப் படமும் அளவுகளும்தான். பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் 10 மில்லிமீட்டர், பள்ளத்தின் அகலம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வேட்டைத் துப்பாக்கிகளில் இதற்கு முன்பே வீவர் ரெயில் என்று ஒன்று உண்டு. ஆனால் அதில் பள்ளங்களின் இடைவெளி ஒரே சீராக இல்லை. இதில் சீர் செய்தார்கள். யார் செய்த ஸ்கோப்பாக இருந்தாலும், யார் செய்த துப்பாக்கியாக இருந்தாலும் இனி பொருந்தும்.

என் பார்வையில், மாடுலர் துப்பாக்கி வரலாற்றின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு எந்தத் துப்பாக்கியும் இல்லை, இந்த ரெயில்தான். ஸ்டோனர் 63இல் எல்லாப் பாகத்தையும் ஒரே கம்பெனி செய்ய வேண்டும். ரெயில் வந்தபிறகு ஊர் உலகமே பாகம் செய்யலாம். கணினி உலகில் யூஎஸ்பி செய்ததை ஒத்த வேலை.

1994-ல் ராணுவம் எம்-4ஐ ஏற்றுக்கொண்டது. ஏஆர்-15இன் குட்டை வடிவம், மேலே தட்டையான ரெயில். சிறப்புப் படைகளுக்காக இண்டியானாவின் கிரேன் நகரில் உள்ள கடற்படை மையம் சாப்மாட் என்ற திட்டத்தில் ஒரு பெட்டியே தயார் செய்தது. ரெயில் வைத்த கைப்பிடி, நான்கு மடங்கு ஸ்கோப், லேசர், சத்தம் குறைப்பான், கையெறிகுண்டு லாஞ்சர். வேலைக்குத் தகுந்ததை எடுத்து மாட்டிக்கொள்ளலாம். துப்பாக்கி பழசு, தோள்மேல் இருப்பது புதுசு.

கேட்டதெல்லாம் கொடுத்த துப்பாக்கிகள்

2000களில் ராணுவம் மறுபடி ஸ்டோனர் 63 கனவுக்குத் திரும்பியது. முதலில் வந்தது ஹெக்லர் அண்ட் கோக்கின் எக்ஸ்எம்-8. ஜெர்மனியின் ஜி-36 அடிப்படையில், குட்டை, சாதாரணம், குறிபார்த்துச் சுடுபவருக்கு, தானியங்கி என்று நாலு வடிவம். மேலே சொன்ன தூசிச் சோதனையில் இதற்குத்தான் முதலிடம், 127 நிறுத்தம் மட்டுமே. ஆனால் 2005-லேயே திட்டத்தை மூடிவிட்டார்கள். மூடியதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, வடிவமைப்பில் இருந்த ஒரு சிறு விஷயத்தைப் பாருங்கள். பிகாடினி ரெயிலை விட்டுவிட்டு, சாமான் மாட்டத் தனக்கென்று வேறொரு துளை அமைப்பை வைத்துக்கொண்டது. அதாவது, பத்து வருடமாகச் சேர்த்து வைத்த சாமான்களை அப்படியே மாட்ட முடியாது. உலகமே ஒரு சார்ஜருக்கு வந்தபிறகு புது பின்னோடு போன் விற்ற மாதிரி.

அடுத்து ஸ்கார். 2004 தொடக்கத்தில் சோகாம் தன் தேவையை எழுதி வெளியிட்டது. அதே வருடம் நவம்பரில் எஃப்என் தேர்வானது. இரண்டு அண்ணன் தம்பிகள்: 5.56 மி.மீ. தோட்டாவுக்கு ஸ்கார்-எல், பெரிய 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஸ்கார்-எச். ஒவ்வொன்றுக்கும் குட்டை, நடு, நீளம் என்று மூன்று பேரல். மேலே நீளமாக ஒரே அலுமினிய உடல், கீழே பிளாஸ்டிக், மடக்கவும் நீட்டவும் கூடிய பின்கட்டை. எஃப்என் ரெயிலையும் விடவில்லை. எக்ஸ்எம்-8 செய்த தப்பைச் செய்யவில்லை.

ஒரே துப்பாக்கியாக ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். 5.56 தோட்டாவின் முழு நீளம் சுமார் 57 மில்லிமீட்டர், 7.62 நேட்டோ தோட்டா 71. நீளம் கூடினால் மேகசின் பெரிதாக வேண்டும், போல்ட் அதிக தூரம் ஓட வேண்டும், உடல் நீள வேண்டும். எஃப்என் இதைப் புரிந்துகொண்டு, உடல்களை வேறாக்கி, முடிந்தவரை பாகங்களைப் பொதுவாக்கியது.

ஸ்கார் நல்ல துப்பாக்கி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வெட்டுக்கோடு எங்கே? பேரலில். சைட் இருப்பது உடலின் மேல் ரெயிலில். சில ஸ்க்ரூக்களைக் கழற்றிக் குட்டைப் பேரலை எடுத்துவிட்டு நீளப் பேரலை மாட்டலாம், சில நிமிட வேலைதான். அதன்பிறகு? மறுபடி ஜீரோ பார்க்க வேண்டும். ஜாரை விட்டுவிட்டுப் பிளேடை மாற்றும் மிக்ஸி.

அதோடு, மலைமேல் நாற்பது கிலோ சுமையோடு நடப்பவர் இன்னொரு பேரலையும் ஸ்பேனரையும் சேர்த்துத் தூக்கப் போகிறாரா? நிச்சயம் இல்லை. பேரல் மாற்றுவது முகாமில், ஆயுதக் கிடங்கில், அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆர்மரர் செய்யும் வேலை. முகாமில்தான் மாற்றுவது என்றால், பேரலுக்குப் பதில் துப்பாக்கியையே மாற்றி எடுத்துக்கொள்ளலாமே.

2009-ல் ரேஞ்சர் படையிடம் ஸ்கார் போனது. 2010-ல் எம்கே-16 நின்றது. ஆனால் எச் வடிவமான எம்கே-17 தொடர்ந்தது. இந்த இரண்டாவது செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. ஆப்கானிஸ்தானின் பள்ளத்தாக்குகளில் எட்டிச் சுட 7.62 தேவைப்பட்டது. எடை குறைந்த, தூக்கி ஓடக்கூடிய 7.62 ரைஃபிள் அவர்கள் கையில் அதிகம் இல்லை. அந்தக் காலி இடத்தை எம்கே-17 நிரப்பியது. எம்கே-16 நிரப்ப வேண்டிய இடத்தில் ஏற்கெனவே எம்-4 உட்கார்ந்திருந்தது. ஸ்டோனர் 63ஐ சீல் வீரர்கள் தேர்ந்தெடுத்த கதைதான் மறுபடி. வடிவம் மாறுவதற்காக யாரும் வாங்கவில்லை, ஒரு குறிப்பிட்ட வடிவம் தேவை என்பதால் வாங்கினார்கள்.

உறைந்துபோகும் ஜார்கள்

அப்படியென்றால் எம்-4 காரர்கள் தினமும் மேல் பாதியை மாற்றி மாற்றி மாட்டினார்களா? இங்கேதான் கதை இன்னும் சுவாரசியம்.

கிரேன் மையம் இரண்டு மேல் பாதிகளைத் தயாரித்தது. ஒன்று அறைகளுக்குள், கப்பல்களுக்குள் சண்டை போடுவதற்கு, 10.3 அங்குலப் பேரலோடு. இன்னொன்று தொலைதூரத்துக்கு, 18 அங்குலம். இரண்டும் முதலில் தனித் துப்பாக்கிகளே இல்லை. எம்-4இன் கீழ் பாதிமேல் மாட்டிக்கொள்ளும் ஜார்கள். இரண்டாவதன் பெயரான எஸ்பிஆர் என்பதில் கடைசி எழுத்து ஆரம்பத்தில் 'ரிசீவர்' என்பதைத்தான் குறித்தது.

நாள் போகப் போக என்ன ஆனது? குட்டை மேல் பாதி நிரந்தரமாக ஒரு கீழ் பாதியில் உட்கார்ந்து எம்கே-18 என்ற தனித் துப்பாக்கி ஆனது. நீளமானது எம்கே-12 ஆனது. எஸ்பிஆரின் கடைசி எழுத்து 'ரைஃபிள்' என்று அர்த்தம் மாறியது. வீரர்கள் மாற்றி மாட்டவில்லை. தனக்குப் பிடித்த ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள். நம் வீட்டு மிக்ஸியிலும் மூன்று ஜார் இருக்கும், தினமும் ஓடுவது சட்னி ஜார்தான்.

அப்படியானால் மாடுலர் என்பது வெறும் விளம்பர வார்த்தையா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதன் பயன் வேறு இடத்தில் இருக்கிறது. சோதனை செலவு குறைகிறது. புதுத் துப்பாக்கி ஒன்றை உருவாக்கி, ஏற்று, பயிற்சி கொடுக்கப் பத்து வருடம் ஆகும். ஒரு மேல் பாதியைச் செய்து பார்க்கச் சில மாதம் போதும். பிடித்தால் உறைய விடலாம், பிடிக்காவிட்டால் தூக்கிப் போடலாம். ஹெக்லர் அண்ட் கோக்கும் எம்-4இன் கீழ் பாதிமேல் உட்காரும் புது மேல் பாதியாகத்தான் தொடங்கியது. அதுவே எச்கே-416 ஆகி, 2007-ல் நார்வேயும், 2016-ல் ஃபிரான்சும் தேர்ந்தெடுக்கும் ரைஃபிள் ஆனது. 2010களில் அமெரிக்க ராணுவம் தன்னிடமிருந்த எம்-4களுக்குக் கனமான பேரல் போட்டு எம்-4ஏ1 ஆக மாற்றிக்கொண்டதும் இந்த வழியில்தான்.

விற்பனைப் படங்களில் மாடுலர் என்றால் 'காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று'. வரலாற்றில் அது 'இந்த வருடத்துக்கு ஒன்று, பத்து வருடம் கழித்து ஒன்று'. 1967-ல் குரோம் பூசியதிலிருந்து தொடங்கி, ஏஆர்-15 தன்னைத்தானே பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு முறை புதுசு வந்து கதவைத் தட்டும்போதும், பழசு ஏற்கெனவே பாதி புதுசாகி இருந்தது.

குடும்பம் என்ற சொல்

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. இன்சாஸ் என்ற பெயரின் கடைசி எழுத்து 'சிஸ்டம்' என்பதைக் குறிப்பது. புனேயில் உள்ள ஆயுத ஆய்வு நிறுவனம் ரைஃபிள், இலகு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் மூன்றையும் ஒரே குடும்பமாகத்தான் திட்டமிட்டது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இன்சாஸ் ரைஃபிள்களைச் செய்தது. ரைஃபிளும் இயந்திரத் துப்பாக்கியும் படைக்குப் போயின. கார்பைன் தேறவில்லை. குட்டைத் துப்பாக்கி என்பது நீளத் துப்பாக்கியை வெட்டினால் கிடைப்பது இல்லை. ஒரே தோட்டா குட்டைப் பேரலில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்: சத்தம், நெருப்பு, அதிர்வு எல்லாம் கூடும். ஒரு குடும்பத்தில் பிறந்ததால் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி தேறுவதில்லை.

அமெரிக்க ராணுவமே இப்போது இந்தப் பாடத்தைப் படித்துவிட்ட மாதிரி தெரிகிறது. 2022 ஏப்ரலில் எம்-4க்கு வாரிசாக சிக் சாவர் நிறுவனத்தின் புது ரைஃபிளையும், அதோடு ஒரு புது இயந்திரத் துப்பாக்கியையும் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டுக்கும் 6.8 மி.மீ. தோட்டா பொது, குறி பார்க்கும் மின்னணுக் கருவி பொது. ஆனால் உடல்கள் இரண்டு, வேலைகளும் இரண்டு. ஒன்றைத் திருப்பிப் போட்டு இன்னொன்றாக்கும் முயற்சி இல்லை. எதைப் பொதுவாக வைக்க வேண்டும், எதைத் தனியாக விட வேண்டும் என்ற கேள்விக்கு ஸ்டோனர் 63 வந்து அறுபது வருடம் கழித்துக் கிடைத்திருக்கும் பதில் இது.

அந்தப் பதில் சரிதானா என்று இனிமேல்தான் தெரியும். புது ரைஃபிள் எம்-4ஐ விடக் கனம், மேகசினில் தோட்டா 30க்குப் பதில் 20. இதைப் பற்றிய சண்டை அமெரிக்காவில் இப்போதே நடக்கிறது. ஒன்று மட்டும் பழைய கதையிலிருந்து சொல்லலாம். துப்பாக்கியின் தரத்தைப் படத்திலும் பட்டியலிலும் தேடியவர்கள் 1960களில் தவறான கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கின் விலையைக் கொடுத்தது அவர்கள் இல்லை, சேற்றில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்ட கூட்டைத் தள்ளிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன்கள்.